கை வேறு, சட்டை வேறு

பாடசாலைக் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியராக இருப்பவருக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. துணியைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களில் யாராவது பாண்ட் வாத்தியக் குழுவுக்கோ வலைப்பந்துக்கோ பொறுப்பாக இருந்து, போட்டி நாள் காலையில் பிள்ளைகளின் உடுப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்து நின்றிருந்தால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. எனக்கு விளங்காமல் போனது உங்களுக்காவது விளங்குகிறதா பார்ப்போம்.

சப்பாத்து

நான் படிப்பிப்பது புவியியல். நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் நடுவில் ஒரு கலவன் பாடசாலை. யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் இங்கேயே வீடு கட்டிவிட்ட காலம். என் பெற்றோரும் மன்னாரிலிருந்து வந்தவர்கள்தான். அந்த வருஷம் எனக்குக் குதிகால் வலி. மிருதுவான சப்பாத்துப் போடும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அபாயாவுக்குக் கீழே வெள்ளை விளையாட்டுச் சப்பாத்தோடு பாடசாலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து ஆசிரியர் கூட்டம்.

பெண் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு குழு விளையாட்டைத் தொடங்க வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்திருந்தது. வலைப்பந்தும் கோலால் பந்தடிக்கிற எல்லேயும் ஏற்கெனவே வேறு டீச்சர்மாரின் கையில் இருந்தன. மிச்சம் கூடைப்பந்து. அதிபர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். அவரும் நாங்கள் என்னதான் பார்க்கிறோம் என்று நிலத்தைப் பார்த்தார். அங்கேதான் என் சப்பாத்து அவருடைய கண்ணில் பட்டது. "எனக்குக் கூடைப்பந்து தெரியாது சேர், டீவியில்கூடப் பார்த்ததில்லை" என்று நான் மன்றாடினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அதெல்லாம் பழகலாம் டீச்சர். சப்பாத்து உங்கள்ட்ட ஏற்கெனவே ஈக்கிதானே."

பத்து நம்பர்

அணி என்று சொல்ல ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். தலைவி சிபானா. உயர்தர வகுப்புப் பிள்ளை. வகுப்பறை மின்விசிறியின் தூசியைக் கதிரையில் ஏறாமலே துடைத்துவிடுகிற உயரம். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை, நடுவில் யாரும் வெளியே கூப்பிடாமல், ஒரு மட்ச்சை முழுதாக விளையாட வேண்டும். அடுத்த வருஷம் பரீட்சை, அதோடு பாடசாலை முடிந்துவிடும். இந்த வருஷத்துக்குள் நடந்தால்தான் உண்டு. அவளுடைய வாப்பா றவூப் நானா, கற்பிட்டி வெங்காயத்தைத் தம்புள்ளைக்கு ஏற்றிப்போகிற லொறிச் சாரதி. நல்ல மனிதர். மகள் தாராளமாக விளையாடலாம், ஆனால் தலையும், மணிக்கட்டு வரைக்கும் கையும், கணுக்கால் வரைக்கும் காலும் மூடியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். சிபானா தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். இதிலென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

சந்தியிலுள்ள இரும்புக் கடை முதலாளி பச்சை நிறத்தில் அரைக்கைச் சட்டைகள் அன்பளிப்புச் செய்தார். போட்டியன்று காலையில்தான் பொதியைப் பிரித்தோம். ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் கடையின் தொலைபேசி இலக்கம், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரைக்கும். நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. புத்தளத்தில் மட்ச் தொடங்கி, முதலாவது தவறுக்கு நடுவர் விசில் ஊதினார். சிலாபத்துப் பெரேரா சேர். சிங்களவர், தமிழும் கொஞ்சம் கதைப்பார். தவறு செய்த பிள்ளையின் இலக்கத்தை விரல்களால் காட்டிப் பதிவு மேசைக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் பிள்ளையின் முதுகைப் பார்த்து விரலைத் தூக்கினார். பிறகு இறக்கினார். பக்கத்துப் பிள்ளையின் முதுகைப் பார்த்தார். அங்கேயும் அதே இலக்கம். ஏழு பேருக்கும் ஒரே இலக்கம், அதுவும் சைபரில் தொடங்குகிற இலக்கம்.

மட்ச்சை நிறுத்திவிட்டு, முதலுதவிப் பெட்டியிலிருந்த வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்துக் கிழித்து ஆளுக்கொரு இலக்கம் ஒட்டினோம். ஓடி வியர்த்ததும் பிளாஸ்டர் கழன்றது. முதலில் கழன்றது சிபானாவுடையது. இலக்கம் இல்லாதவர் ஆட முடியாது என்று அவளை வாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் முதலாளியைக் கண்டு, சட்டையில் நம்பர் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னேன். மனிதருக்கு மனம் நொந்துவிட்டது. "நம்பர் இல்லண்டு யாரு டீச்சர் சென்ன? ஒவ்வொரு புள்ளைட முதுகுலயும் பத்து நம்பர் ஈக்கே!"

மாத்தி உடுத்த பிள்ளைகள்

காலை மூடுவது சுலபம், நீளக் காற்சட்டை தைத்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். விதியில் அதற்கு இடமில்லை. காற்சட்டை முழங்காலுக்கு மேலே முடிய வேண்டும். ஆனால் அந்தக் காற்சட்டைக்கு உள்ளே, காலோடு ஒட்டிய லெகின்ஸ் கணுக்கால் வரைக்கும் போடலாம். அதாவது கட்டையானது வெளியே, நீளமானது உள்ளே. மலைத்தொடரையும் ஆற்றுப்படுகையையும் கரும்பலகையில் வரைகிற நான், இதையும் ஒரு தாளில் வரைந்து பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஏன் என்பது விளங்கவில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் புது உடுப்பைக் காட்டும்படி அதிபர் சொன்னார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். கறுப்பு லெகின்ஸ், அதற்கு மேலே பச்சைக் கட்டைக் காற்சட்டை. சங்கச் செயலாளர் ஹாஜியார் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சிபானா என் அபாயாவின் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்டுப் பிள்ளைகள் வெட்கப்பட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்டுமில்ல டீச்சர், அவசரத்துல உடுத்தீக்காங்கபோல. உள்ள போடுறத வெளியயும் வெளிய போடுறத உள்ளயும் போட்டீக்காங்க. போய் மாத்திட்டு வரச் செல்லுங்க."

பச்சைக்குக் கைதட்டு

அடுத்தது சிலாபத்தில் ஒரு சிநேகபூர்வப் போட்டி. இந்தத் தடவை முதுகில் ஒழுங்கான இலக்கம் தைத்திருந்தோம். இனி யார் என்ன சொல்ல முடியும் என்று வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். இறங்கிப் பார்த்தால் எதிரணியும் பச்சை. எங்கள் பச்சையேதான், கொஞ்சம் புதுசு. நிகழ்ச்சி நிரலில் முதலில் பெயர் எழுதப்பட்ட அணி வெளிறிய நிறத்தில் ஆட வேண்டுமாம், இரண்டாவது அணி கடும் நிறத்தில். முதலில் எழுதப்பட்டிருந்தது எங்கள் பெயர். முதலில் எழுதியிருக்கிறார்களே என்று வேனிலிருந்து இறங்கியபோது பெருமைப்பட்டது நான்தான்.

எங்களிடம் இருந்ததே ஆளுக்கொரு சட்டை. எதிரணி டீச்சர், தங்கமான மனுஷி, தங்களுடைய பழைய வெள்ளைச் சட்டைகளைக் கொண்டுவரச் செய்து தந்தார். நெஞ்சில் அவர்களுடைய பாடசாலைச் சின்னம், சிங்களத்தில் அவர்களுடைய பாடசாலைப் பெயர். அதை உடுத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் இறங்கினார்கள். பதிவு மேசையிலிருந்தவர் நெஞ்சிலிருந்த பெயரைப் பார்த்து எங்கள் புள்ளிகளை அவர்களுக்குப் போட்டார். எங்களோடு வந்த பெற்றோருக்குத் தெரிந்தது நம்முடையது பச்சை என்பது மட்டும்தான். பச்சை ஒவ்வொரு தரமும் கூடையில் போடும்போது எழும்பி நின்று கைதட்டினார்கள். சிபானா பந்தோடு நடுத்தளத்தில் நின்று, தன் சொந்த உம்மா எதிரணிக்குக் கைதட்டுவதை வாயைப் பிளந்து பார்த்தாள். அந்த நேரம் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சட்டை தேடியதிலும் புள்ளியைத் திருத்தியதிலும் நேரம் போய், அடுத்த போட்டிக்குத் தளம் தேவைப்பட்டதால் கடைசிக் கால்பகுதியை வெட்டிவிட்டார்கள். முழு மட்ச் என்ற சிபானாவின் ஆசைக்கு அன்றைக்கும் கால்வாசி குறைந்தது. வெற்றி எங்களுக்கா அவர்களுக்கா என்று இரண்டு டீச்சர்மாரும் கூட்டிப் பார்த்தோம். இரண்டு தரமும் வேறு வேறு விடை வந்ததால் சிரித்துக்கொண்டு கைகொடுத்துப் பிரிந்தோம். வேன் முந்தல் ஊரைத் தாண்டும்வரை யாரும் பாட்டை எடுக்கவில்லை. கடைசியில் சாரதிதான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சர், நாம இப்ப பாட்டுப் போட்டுட்டுப் போறதா, போடாமப் போறதா?"

கை

இப்போது என் தலைமுடி நரைக்கக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். அரைக்கைச் சட்டைக்கு உள்ளே நீளக்கை டீஷேர்ட் ஒன்றைப் போட்டுத்தான் சிபானாவும் இன்னும் சிலரும் கையை மூடிக்கொண்டிருந்தார்கள். நம்பர்க் கலவரத்திலும் நிறக் கலவரத்திலும் அது யாருடைய கண்ணிலும் படவில்லை. வலயப் போட்டியில் பெரேரா சேரின் கண்ணில் பட்டது. கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "பே டீச்சர், பே" என்றார். முடியாது என்று சொல்வதற்குச் சிங்களத்தில் இவ்வளவு சின்னச் சொல் இருப்பது அன்றைக்கு எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. சட்டைக்கு உள்ளே வேறு சட்டை கூடாதாம். மற்றப் பிள்ளைகள் உள்சட்டையைக் கழற்றிவிட்டு அரைக்கையோடு போனார்கள். அவர்களுடைய வீட்டில் அதற்குத் தடையில்லை. சிபானா கழற்றவில்லை. "வாப்பாக்குச் சொல்லிட்டுத்தானே டீச்சர் வந்த" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கில் போய் உட்கார்ந்தாள். முழு மட்ச்சும் உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அப்பால் றவூப் நானா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒவ்வொரு போட்டிக்கும் வருவார். வந்து பந்தைப் பார்க்க மாட்டார். மகளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். துணி ஒரு விரற்கடை மேலே ஏறினால், தன் சட்டைக் கையைக் கீழே இழுத்துக் காட்டுவார். அவளும் ஓடுகிற ஓட்டத்தில் இழுத்துவிடுவாள். அன்றைக்கு இழுத்துக் காட்ட அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மட்ச் முடிந்ததும் பெரேரா சேரைப் பிடித்துக்கொண்டேன். கையை மூடவே கூடாதா என்று கேட்டேன். "மூடலாம்" என்றார். பிறகென்ன, மூடித்தானே இருந்தாள் என்றேன். இல்லையாம். சட்டையின் கை நீளமாக இருக்கக் கூடாது. உள்சட்டையும் கூடாது. ஆனால் விரல்களை விட்டுவிட்டுக் கையில் மட்டும் தனியாக மாட்டுகிற ஓர் உறை இருக்கிறதாம், அதை மணிக்கட்டு வரைக்கும் போடலாமாம். அதே துணி, அதே கை, அதே நீளம். சட்டையோடு சேர்த்துத் தைத்தால் குற்றம், சேர்த்துத் தைக்காவிட்டால் குற்றமில்லை. "கை வேற, சட்டை வேற. ரெண்டும் ஒண்டு எண்டா பே. தனித்தனி எண்டா ஹரி, சரி" என்று அவர் பொறுமையாக விளக்கினார். எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கிச் சொன்னாரா, இல்லை படித்ததைச் சொன்னாரா தெரியாது.

கடைசியில் சிபானாவின் அந்த நீளக்கை டீஷேர்ட்டையே எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தையல்காரி பரீதா லாத்தாவிடம் போனேன். இரண்டு கையையும் தோளோடு வெட்டுங்கள், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இலாஸ்டிக் வைத்துத் தையுங்கள், பிள்ளை அதைத் திரும்பத் தன் கையில் மாட்டிக்கொள்வாள் என்றேன். லாத்தா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "நல்லா ஈக்கிற கைய வெட்டிப்போட்டு, அதே கையத் திரும்ப மாட்டுறதுக்கா டீச்சர் நீங்க கெம்பஸ் எல்லாம் போய்ப் படிச்ச?"

ஒரே மாதிரி

தலையை மூடிக்கொண்டு விளையாடலாம் என்று அந்தக் காலத்தில்தான் உலகச் சட்டம் மாறியிருந்தது. மாறியது உண்மை. புத்தளம் ரயிலில் ஏறி வந்ததோ என்னவோ, எங்கள் பக்கத்துக்கு வந்து சேரச் சுணங்கிவிட்டது. ஒரு நடுவர் பர்தாவே கூடாது என்பார். இன்னொருவர் கூடும், ஆனால் ஊசி கூடாது என்பார். மூன்றாமவர் ஊசியைப் பற்றிக் கேட்கவே மாட்டார், வெள்ளையா கறுப்பா என்று மட்டும் கேட்பார். பரீதா லாத்தா ஊசியே தேவைப்படாமல் தலைவழியாகப் போட்டுக்கொள்கிற மாதிரி கறுப்புத் துணியில் தைத்து, மற்றப் பிள்ளைகளுக்கும் அதே துணியில் கையுறை வைத்துத் தந்தார்.

மாவட்டப் போட்டிக்கு வந்தவர் ஓர் இளம் நடுவர். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், சரி என்றார். பிறகு அணியை ஒருமுறை முழுதாகப் பார்த்து, ஒன்று மட்டும் சரியில்லை என்றார். தலைத்துணியும் கையுறையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. நிறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று நான் படித்திருந்தேன். எல்லாரும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் போடக் கூடாது என்பது அவர் படித்தது. எல்லாரும் திரும்பி ஜெனிட்டாவைப் பார்த்தோம். அணியில் தலை மூடாத ஒரே பிள்ளை அவள்தான். வன்னியிலிருந்து யுத்தத்தோடு வந்து எங்கள் கரையில் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம். சிபானா அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்பதற்கு அவளுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நான் நடுவரோடு வாதாடினேன். விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவரும் அதே பக்கத்தைத்தான் எனக்குக் காட்டினார்.

அதற்குள் ஜெனிட்டா, நான் மேலதிகமாக வைத்திருந்த துணியை என் பையிலிருந்து தானே எடுத்துத் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். கையுறையையும் மாட்டினாள். "வெயிலுக்கு நல்லம் டீச்சர், வாங்கோ தொடங்குவம்" என்றாள். சிபானா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்ததில் இரண்டு பேரின் தலைத்துணியும் சரிந்து, அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்ச நேரம் போனது. ஒரு கால்பகுதி அப்படியே வாதத்தில் கழிந்தது. பிறகு ஆடினார்கள். மாவட்டத்தில் பெண்கள் பிரிவுக்குப் பெயர் கொடுத்தது மூன்றே அணி, அதில் ஓர் அணி வரவில்லை, மற்ற அணியிடம் நாங்கள் தோற்றோம். ஆகவே இரண்டாமிடம் என்று எங்களை மாகாணப் போட்டிக்குத் தெரிவுசெய்தார்கள். ஜெனிட்டாவின் அம்மா மீன் வாடியில் வேலையை முடித்துக்கொண்டு அரக்கப்பரக்க வந்து சேர்ந்தபோது பாதி ஆட்டம் போயிருந்தது. கறுப்பும் பச்சையுமாக ஓடுகிற ஐந்து பேரையும் கண்ணால் துரத்தித் துரத்திப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டினார். "டீச்சர், குறை நினைக்காதேங்கோ. இதுக்குள்ள என்ர பிள்ளை எது?"

குருணாகலில் ஒரு பிழையும் இல்லை

மாகாணப் போட்டி குருணாகலில். சிபானாவுக்கு இது கடைசி. இதில் தோற்றால் திரும்பி வந்து புத்தகத்தோடு உட்கார வேண்டியதுதான். போட்டிக்கு முதல் நாள் மாலையில் பாடசாலை வாசலில் வைத்து, "டீச்சர், வெல்லாட்டியும் பரவாயில்ல, என்ன வெளிய மட்டும் கூப்பிட வெச்சிராதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளை அப்படிக் கேட்டது எனக்கு நெஞ்சில் தைத்தது. வீட்டில் எல்லா உடுப்பையும் தரையில் பரப்பி வைத்து, விதியை ஒரு வரி வாசிப்பேன், ஒரு துணியைத் தொடுவேன். என் கணவர் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தானே தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

அங்கே மூன்று நடுவர்கள். பெரேரா சேரும் இருந்தார். என் பையில் மேலதிகக் கையுறை, தலைத்துணி, இலாஸ்டிக், ஆளுக்கொரு வெள்ளைச் சட்டை, பிளாஸ்டர் எல்லாம் இருந்தன. எதைக் கேட்டாலும் கொடுக்கலாம். மூவரும் பிள்ளைகளைச் சுற்றி வந்தார்கள். சட்டை உள்ளே செருகியிருக்கிறதா, சரி. இலக்கம் முன்னும் பின்னும் இருக்கிறதா, சரி. காற்சட்டை மேலே, லெகின்ஸ் கீழே, சரி. கை வேறு, சட்டை வேறு, சரி. ஊசி இல்லை, சரி. பெரேரா சேர் என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். விசில் ஊதினார்கள்.

மட்ச் தொடங்கிவிட்டது, யாரும் நிறுத்தவில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எதிரணிப் பிள்ளைகள் காற்றுப்போல வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். புள்ளிப் பலகையில் அவர்களுடைய பக்கம் மட்டும் புரண்டுகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தைப் புரட்டுகிறவர் இடையில் தேநீர் குடித்தார். இப்படித்தானா இந்த விளையாட்டு என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இதற்கு முன் ஒரு மட்ச்சையும் நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. இடைவேளையில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, என்ன செய்வது டீச்சர் என்று கேட்டார்கள். நான் சிபானாவின் கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, போங்க" என்றேன்.

கடைசி விசில் ஊதியபோது சிபானா தளத்தில்தான் நின்றாள். தோல்வி என்றால் அப்படியொரு தோல்வி. பலகையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவள் பலகைப் பக்கம் திரும்பவேயில்லை. முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக நேரே என்னிடம் ஓடி வந்து, மூச்சு வாங்க, "டீச்சர், முழுசா! முழுசா விளையாடின!" என்று கத்தினாள். நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். சுற்றி நின்றவர்கள் தோல்விக்கு அழுகிறோம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

அப்போதுதான் றவூப் நானா பக்கத்தில் வந்தார். பரீதா லாத்தா வைத்த இலாஸ்டிக் அன்றைக்கு ஓர் அங்குலமும் அசையவில்லை. சட்டைக் கையை இழுத்துக் காட்ட வேண்டிய வேலை அவருக்கு இருக்கவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவரும் என்னைப் போலவே முதல்தடவையாகப் பந்தைப் பார்த்திருக்கிறார். மகளின் தலையில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய், கேட்கலாமா கூடாதா என்று தெரியாதவர்போலக் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "உடுப்புல ஒரு பிழையுமில்ல, மாஷா அல்லாஹ். ஆனா டீச்சர், பந்து கையில வந்தா இந்தப் புள்ளைகள் ஏழு பேரும் ஏன் வலப் பக்கமாவே ஓடுற?"

எங்கள் பாடசாலையில் இருந்தது ஒரேயொரு கூடை என்பதையும், அதற்கு இடப் பக்கத்துச் சீமெந்து முழுவதும் பெயர்ந்து குழியாகக் கிடந்ததையும், பிள்ளைகளைத் தலை முதல் கால்வரை அத்தனை தரம் பரிசோதித்த நான் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன்.